ஏகமனதாகத் தெரிவான வெப்பப் பொறுப்பாளர்

பூபாலசிங்கம் தன் வாழ்நாளில் நின்ற தேர்தல்கள் எல்லாவற்றிலும் தோற்றவர். ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் பதவிக்கு நின்றார், தோற்றார். பிறகு விளையாட்டுக் கழகத்தின் பொருளாளர், பெற்றோர் சங்கத்தின் உபதலைவர், கோயில் அன்னதானக் குழுவின் இணைப்பாளர் என்று ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே வந்தார். பதவிதான் இறங்கியதே தவிர, தோல்வி இறங்கவில்லை. அன்னதானக் குழுத் தேர்தலில் அவருக்கு விழுந்த வாக்குகள், அவருடைய வீட்டில் இருந்த வாக்குகளைவிட ஒன்று குறைவாக இருந்தன. மனைவி மனோன்மணியிடம் அதைப் பற்றி அவர் இன்றுவரை கேட்டதில்லை. மனோன்மணியும் சொன்னதில்லை.

திருகோணமலையில் பிறந்து, ஒஸ்லோவில் முதலில் ஆஸ்பத்திரித் தரை துடைத்து, பின்னர் நெடுங்காலம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நகரின் ஓரத்து ரொம்மனில் ஒரு சின்னத் தொடர்மாடியின் முதல் மாடியில் வீடு. குடியிருப்பாளர்களே கூட்டுறவாக நடத்தும் கட்டடம் அது. நிலக்கீழ் அறையில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு கொதிகலன் இருந்தது. முன்பு எண்ணெயில் எரிந்தது. எண்ணெய்க்குத் தடை வந்த பிறகு மின்சாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அது தண்ணீரைச் சூடாக்க, அந்தச் சுடுநீர் குழாய்களில் ஏறி வீடு வீடாக ரேடியேட்டர்களுக்குப் போய், குளிர்ந்து, திரும்பி வரும். இதைக் கவனித்துவந்த ஆர்னெ என்ற முதியவர் மகளோடு இருக்கப் போவதாகச் சொன்னதும், ஆண்டுக்கூட்டத்தில் நிர்வாகத் தலைவி தூரிட் கேட்டார்: "அடுத்த வெப்பப் பொறுப்பாளராக யார் வருகிறீர்கள்?"

எல்லோரும் தங்கள் கோப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

பூபாலசிங்கம் கையை உயர்த்தினார். போட்டியாளர் யார் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் இல்லை. அது அவருக்குப் போதவில்லை. இரகசிய வாக்கெடுப்பு வைத்தால் நல்லது என்று தூரிட்டிடம் கேட்டார். தூரிட் ஓய்வுபெற்ற ஆசிரியை. வகுப்பில் ஆர்வக்கோளாறான மாணவனைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துவிட்டு, "சம்மதிப்பவர்கள் கை உயர்த்துங்கள்" என்றார். அந்த வசனம் முடியுமுன் எல்லாக் கைகளும் மேலே போய்விட்டன. எதற்கும் யோசித்துக் கை தூக்கும் நோர்வேக்காரர் இவ்வளவு வேகம் காட்டி அவர் கண்டதே இல்லை.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அறிவித்தார்.

"மனோன்மணி, என்னைத் தெரிவு செய்திட்டினம். ஏகமனதா!"

"எதுக்கு?"

"வெப்பப் பொறுப்பாளர்."

"உங்களை எதிர்த்து ஆர் நிண்டது?"

"ஒருத்தரும் துணியேல்லை."

மனோன்மணி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். "ஓம், விளங்குது" என்றார்.

பதவிப் பொறுப்பைக் கையளிக்க ஆர்னெ அவரை நிலக்கீழ் அறைக்குக் கூட்டிப் போனார். அறை வெதுவெதுப்பாக, துப்புரவாக, வேண்டாத ஒரு பொருளும் இல்லாமல் இருந்தது. கொதிகலன், அதன் பக்கத்தில் பூசணிக்காய் மாதிரி ஒரு சிவப்புத் தொட்டி, அமுக்கத்தைக் காட்டும், சிவப்புக் கோடு போட்ட வட்ட மானி, கீழ்நோக்கி வளைந்த ஒரு வெறும் குழாய். ஆர்னெ மானியைக் காட்டினார்.

"முள் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் நிற்கவேண்டும். வாரத்தில் ஒருநாள் வந்து பார். ஏதாவது ஒழுகுகிறதா என்று பார். வினோதமான சத்தம் கேட்கிறதா என்று கவனி. சரியில்லை என்றால் கதவுக்கு வெளியே இருக்கும் இந்தப் பெரிய மின்சார ஆளியை அணை, எல்லோரையும் வெளியே அனுப்பு, குழாய்க்காரரைக் கூப்பிடு."

"சரியாக இருந்தால்?"

"கையைப் பையில் வைத்துக்கொண்டு மேலே போய்விடு."

பூபாலசிங்கம் ஏமாந்து போனார். இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த பதவி, கையைப் பையில் வைத்துக்கொண்டிருப்பதா? இரவுச் சாப்பாட்டின்போது அந்த ஆதங்கத்தை மறைத்து, விஷயத்தின் பாரதூரத்தை மட்டும் மனைவிக்கு விளக்கினார்.

"ரெண்டு பாருக்கு மேலை போகவே கூடாது. போனால் ஆபத்து."

"நீங்கள் ஒரு பாருக்கும் போகத் தேவையில்லை" என்றார் மனோன்மணி.

"அந்தப் பார் இல்லையப்பா. இது அமுக்கத்தின்ரை அளவு."

"எந்தப் பார் எண்டாலும் போகாதையுங்கோ."

அடுத்த நாளே எல்லா வீட்டுக் கதவிலும் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. வெப்பம் தொடர்பான முறைப்பாடுகளை நேரில் தெரிவிக்கலாம் என்றும், பொறுப்பாளர் எந்நேரமும் வீட்டில் இருப்பார் என்றும். ஒருவரும் வரவில்லை. வீடுகள் எல்லாம் சூடாகவே இருந்தன. பூபாலசிங்கம் யன்னலோரம் உட்கார்ந்து, படியில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டார்.

முதல் முறைப்பாட்டைக் கொண்டுவந்தவர் மூன்றாம் மாடி அபிலாஷ். கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலைக்காக வந்து, மனைவியோடு குடியேறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கதவைத் தட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்று, "சார், உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றார்.

பூபாலசிங்கத்துக்கு முகம் வெளிறிவிட்டது. அவருடைய ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. பதவி ஏற்ற சூடு ஆறுமுன் ஒருவன் வீடு தேடி வந்து பேசப்போகிறேன் என்கிறானே, அதுவும் இத்தனை பணிவாக!

"ஏன் தம்பி, நான் என்ன பிழை விட்டனான்? முதலிலை உள்ளை வந்து ஆறுதலாக் கதையுங்கோவன்."

"பிழையா? அய்யோ, ஒண்ணுமில்லீங்க சார். எங்க ரூம் ரேடியேட்டர் மேல் பாதி சில்லுன்னு இருக்கு, கீழ் பாதி மட்டும் சூடா இருக்கு. உள்ளே களக் களக்குன்னு சத்தம் வேற."

முறைப்பாடு! பூபாலசிங்கம் வாசலில் நின்ற மனிதரைக் கட்டிப் பிடிக்காத குறை. மேல் பாதி குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்; பழைய வீட்டில் ஒருமுறை குழாய்க்காரர் செய்ததைப் பார்த்திருக்கிறார். சின்னச் சாவி ஒன்றும் பழந்துணியும் கிண்ணமும் எடுத்துக்கொண்டு மாடியேறினார். ரேடியேட்டரை அடைத்து ஆறவிட்டு, ஓரத்தில் இருந்த திருகைச் சாவியால் மெல்லத் திருப்பினார். "உஸ்ஸ்" என்று காற்று வந்தது. பிறகு கொஞ்சம் கறுப்புத் தண்ணீர் துப்பியது. உடனே மூடினார். சிறிது நேரத்தில் ரேடியேட்டர் முழுவதும் சூடேறியது.

"சூப்பர் சார்!" என்றார் அபிலாஷ். அவருடைய மனைவி வடிகட்டிய கோப்பியை நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தார். பூபாலசிங்கம் அந்தக் கோப்பியைக் குடித்துக்கொண்டே, ஒரு மனிதனுக்கு வாழ்க்கையில் இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தார்.

வினையே அந்தக் கோப்பியில்தான் தொடங்கியது. அதன்பிறகு அவர் முறைப்பாட்டுக்குக் காத்திருக்கவில்லை. சாவியும் துணியும் கிண்ணமுமாகப் புறப்பட்டு, வீடு வீடாகக் கதவைத் தட்டினார். நன்றாக வேலை செய்த ரேடியேட்டர்களிலும் காற்று எடுத்தார். இரண்டாம் மாடியில் இருந்தவர் பல் தீட்டிக்கொண்டே கதவைத் திறக்கவேண்டி வந்தது. காற்றோடு தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற, கீழே மானியின் முள் இறங்கியது. முள் இறங்கியதைக் கண்டதும் பூபாலசிங்கம் நிரப்பும் குழாயைத் திறந்து புதுத் தண்ணீர் விட்டார். ஒன்றரை காட்டினால் அவருக்கு அது சோர்ந்துபோன முள்ளாகத் தெரிந்தது. நிமிர்ந்து நிற்கட்டும் என்று இரண்டுக்கும் மேலே கொஞ்சம் ஏற்றிவிடுவார். கொதிகலன் சூடாகும்போது தண்ணீர் விரிந்து முள் இன்னும் ஏறும். அப்போது அந்த வளைந்த வெறும் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். முள் இறங்கும். அவர் மறுபடி நிரப்புவார்.

"இப்ப நாளுக்கு ரெண்டு தரம் கீழை போகவேண்டிக் கிடக்கு. வேலை கூடிப்போச்சு" என்று மனைவியிடம் பெருமையோடு அலுத்துக்கொள்வார்.

"முந்தி அந்த ஆர்னெ கிழமைக்கு ஒருக்காத்தானே போறவர்?"

"அவர் சும்மா பேருக்கு இருந்தவர்."

இப்படியிருக்க, ஒரு சனிக்கிழமை கொதிகலன் அறையில் விளக்கக் கூட்டம் வைப்பதென்று பூபாலசிங்கம் முடிவு செய்தார். தூரிட் முதலில் தயங்கினார். மனோன்மணி ரோல்ஸ் பலகாரம் சுடப்போகிறார் என்று தெரிந்ததும் சம்மதித்தார். வீடு வீடாக மணி அடித்ததாலோ, ரோல்ஸின் புகழாலோ, ஏறக்குறைய எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை அறையைக் கழுவித் துடைத்த பூபாலசிங்கத்துக்கு ஒரே ஒரு குறை கண்ணில் குத்தியது. அந்த வளைந்த குழாய். தரையைத் துடைத்து முடிக்கச் சொட்டும். மறுபடி துடைக்க மறுபடி சொட்டும். அடியில் ஒரு தகர வாளியை வைத்தார். "டிங், டிங்" என்று பேச்சு முழுவதும் அது தாளம் போடும் என்று தோன்றியது. ஒழுகும் குழாயை வைத்துக்கொண்டு ஒரு பொறுப்பாளர் எப்படிச் சபையில் நிற்பது? மேலே போனார். பதவியேற்றதற்காகத் தூரிட் பரிசளித்த வைன் போத்தல் திறக்காமல் இருந்தது. அதைத் திறந்து, தக்கையை எடுத்துக்கொண்டு, போத்தலின் வாயில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தார். தக்கையைக் குழாயின் வாயில் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு. மேலே ஒட்டுநாடா நாலு சுற்று. சொட்டு நின்றுவிட்டது. தனக்குள் இத்தனை நாளும் ஒரு பொறியியலாளன் ஒளிந்திருந்திருக்கிறானே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

சனிக்கிழமை விறைக்கும் குளிர். வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினான்கு பாகை. வருபவர்கள் வெப்பத்தின் அருமையை உணரட்டும் என்று காலையிலேயே கொதிகலனின் சூட்டைக் கூட்டினார். முள் கம்பீரமாக நிற்கட்டும் என்று தண்ணீரும் கொஞ்சம் கூட்டினார். பிறகு கழுத்துப்பட்டி கட்ட மேலே வந்தார். அங்கே மனோன்மணி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்தபடி நின்றார்.

"இதென்ன போத்தல் திறந்து கிடக்கு?"

"பிறகு சொல்லுறன். ஆக்கள் வரப்போகினம்."

"கூட்டத்திலை கதைக்கப் பயத்திலை குடிச்சனீங்களோ?"

"குடிக்கேல்லையப்பா!"

மனோன்மணி நம்பவில்லை. போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்த்தார்.

மதியம் நிலக்கீழ் அறை நிறைந்துவிட்டது. வீட்டுச் செருப்போடும் கம்பளிக் காலுறையோடும் வந்து நின்றார்கள். அபிலாஷும் மனைவியும் முன்வரிசை. மனோன்மணி வாசலருகே ரோல்ஸ் தட்டோடு. பூபாலசிங்கம் நோர்வேஜிய மொழியில் பேச்சைத் தொடங்கினார். வெப்பம் என்பது ஒரு பொதுச்சொத்து என்றார். எண்ணெய்க் காலத்திலிருந்து இந்தக் கட்டடம் கடந்துவந்த பாதையைச் சொன்னார். ஒருவரும் எழுந்து போகவில்லை, ஒருவரும் குறுக்கே கத்தவில்லை. ஊர்ச் சங்கத்தில் அவருக்கு இப்படி ஒரு சபை அமைந்ததே இல்லை. குரல் தானாகவே உயர்ந்தது.

"இதுதான் அமுக்கமானி. இந்தக் கட்டடத்தின் நாடி. நான் பொறுப்பில் இருக்கும்வரை, இந்த முள் இந்தச் சிவப்புக் கோட்டை ஒருபோதும் தாண்டாது!"

திரும்பிப் பார்க்காமலே விரலைக் கோட்டின்மேல் வைத்தார்.

தூரிட் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "மன்னிக்கவேண்டும் பூபாலசிங்கம்," என்றார் மிகவும் மரியாதையாக. "அது தாண்டித்தான் நிற்கிறது."

பூபாலசிங்கம் முதலில் சிரித்தார். பிறகு திரும்பிப் பார்த்தார். முள் அவருடைய விரலின் மறுபக்கத்தில் நின்றது. பார்த்துக்கொண்டிருக்கையில் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. குழாயின் வாயிலிருந்து, கதவுக் கீல் முனகுவதுபோல ஒரு சத்தம் வந்தது. ஒட்டுநாடா மெல்ல உப்பியது.

அந்தக் குழாய் ஏன் சொட்டியது என்பது அந்த நொடியில்தான் அவருக்கு விளங்கியது. அமுக்கம் கூடும்போது தானாகத் திறந்து தண்ணீரை வெளியே விடுகிற பாதுகாப்பு வால்வின் வாய் அது. வாயைப் பொத்தியவர் அவர். தக்கையைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

"தொடாதையுங்கோ!" என்று மனோன்மணி கத்தினார். "கொதிதண்ணி! கையிலை தோல் மிஞ்சாது!"

கை நின்றது. முன்னால் இத்தனை முகங்கள். ரோல்ஸ் மென்றுகொண்டு, அடுத்த வசனத்துக்காகக் காத்திருந்த முகங்கள். அபிலாஷின் மனைவி கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பூபாலசிங்கம் பேருந்தில் எத்தனையோ வருடம் அடக்கிவைத்திருந்த குரலில் முழங்கினார்:

"எல்லோரும் வெளியே! இப்பவே! கட்டடத்துக்கு வெளியே!"

அவர்கள் போனார்கள். ஆனால் நோர்வேக்காரர் போகிற முறையில் போனார்கள். "நீங்கள் முதலில்", "இல்லை, நீங்கள்" என்று வாசலில் வழிவிட்டு நின்றார்கள். ஒருவர் கைத்துடைப்பானை மறந்துவிட்டதாகத் திரும்பி வந்தார். பூபாலசிங்கம் அவரைத் தோளில் பிடித்துத் திருப்பித் தள்ளினார். கடைசி ஆளுக்குப் பின்னால் தானும் வெளியேறி, கதவை அடித்துச் சாத்தி, பெரிய ஆளியை இழுத்து அணைத்தார். படியில் ஏறும்போதே கீழே "டொப்!" என்று ஒரு வெடி, உடனே தகர வாளி "டங்" என்று சுவரில் மோதி உருளும் சத்தம், அதன்பின் நீண்ட சீறல்.

வெளியே பனிக்குள் எல்லோரும் செருப்போடு நின்றார்கள். வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வந்தது. தூரிட் தலையை எண்ணிப் பார்த்துவிட்டு, "அருமை!" என்றார். "ஒருவருக்கும் சொல்லாமல் ஓர் அவசரகாலப் பயிற்சி. சத்தம்கூட உண்மையானது மாதிரியே இருந்தது."

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் கை தட்டினார்கள். கையுறை இல்லாத கைகள் அந்தக் குளிரில் பட்டுப் பட்டென்று ஒலித்தன.

பூபாலசிங்கத்தின் வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. அவர் மறுக்கவில்லை. தலையைக் கொஞ்சமாகச் சாய்த்து அதை ஏற்றுக்கொண்டதாக அபிலாஷ் பிற்பாடு சொன்னார். அப்படிச் செய்யவில்லை என்று பூபாலசிங்கம் சாதிக்கிறார். எப்படியோ, குழாய்க்காரரைக் கூப்பிடுவதற்காகக் கொஞ்சம் தள்ளிப்போய் நின்று தொலைபேசி எடுத்தார்.

வந்து இறங்கிய குழாய்க்காரரைக் கண்டதும் அவர் இரண்டடி பின்வாங்கினார். மன்னார்க்காரர் அல்பிரட். நல்ல வேலைக்காரர்; அதைவிட நல்ல கதைக்காரர். இன்று இவருக்குத் தெரிந்தால், பொழுதுபடுவதற்குள் ஒஸ்லோவில் இருக்கிற எல்லாச் சங்கத்துக்கும் தெரிந்துவிடும்.

அல்பிரட் தனியே கீழே போனார். நெடுநேரம் கழித்து, முழங்கால்வரை நனைந்து, மேலே வந்தார். எல்லோரும் அதற்குள் குளிர் தாங்காமல் உள்ளே வந்து படிக்கட்டடியில் நெருக்கியடித்து நின்றார்கள். அல்பிரட் பூபாலசிங்கத்தை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, மூடிய கையைக் கொஞ்சம் திறந்து காட்டினார். உள்ளே தக்கை.

"அண்ணை, இதை நான் சொல்லட்டோ, நீங்கள் சொல்லுறியளோ?"

பூபாலசிங்கம் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். சபையின் பக்கம் திரும்பினார். அது பயிற்சி இல்லை என்றார். சொட்டுவது அசிங்கமாக இருந்ததால் பாதுகாப்பு வால்வின் குழாயை வைன் தக்கையால் தானே அடைத்ததாகச் சொன்னார். உங்கள் எல்லோரையும் அதற்கு முன்னால் கூட்டிவந்து நிறுத்தியதும் நான்தான் என்றார். அவ்வளவு நேரம் பேசியதில் அவர் குரல் உயராத இடம் அது ஒன்றுதான்.

தூரிட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் தந்த வைனின் தக்கையா?"

"ஓம்" என்று தமிழிலேயே சொன்னார் பூபாலசிங்கம்.

உடனே மனோன்மணியின் குரல் பெரிய நிம்மதியோடு கேட்டது. "அப்ப நீங்கள் குடிக்கேல்லை!"

அபிலாஷ்தான் முதலில் சிரித்தார். மற்றவர்கள் எதற்கென்று கேட்க, அவர் மொழிபெயர்த்தார். பிறகு சிரிப்பு படிக்கட்டு முழுக்க ஏறியது.

அல்பிரட் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணை, நீங்கள் தக்கை அடிக்கத் தெரியாத ஆள். அதாலைதான் அது தானாப் பறந்தது. இரும்பு மூடி ஒண்டு போட்டு இறுக்கியிருந்தால் நாங்கள் இப்ப இஞ்சை நிண்டு கதைக்கமாட்டம்" என்றார்.

அன்று பின்னேரம் முழுவதும் கட்டடம் மேலங்கியோடு இருந்தது. அபிலாஷ் வீட்டில் கோப்பியும் பூபாலசிங்கம் வீட்டில் மிச்ச ரோல்ஸும் என்று ஆட்கள் மாடி ஏறி இறங்கினார்கள். அல்பிரட் போய்ச் சாமான்களோடு திரும்பி வந்து வேலை செய்தார்; பூபாலசிங்கம் அவருக்குக் கைவிளக்குப் பிடித்தார். சிவப்புத் தொட்டிக்குள் ஒரு பக்கம் காற்று, ஒரு பக்கம் தண்ணீர் இருக்கவேண்டும். நடுவே ஒரு ரப்பர்த் திரை. தண்ணீர் விரியும்போது அந்தக் காற்று ஒடுங்கி இடம் கொடுக்கும். அந்தத் திரை எப்போதோ கிழிந்து தொட்டி முழுக்கத் தண்ணீராகியிருந்தது.

"இது சொட்டத் தொடங்கின அண்டைக்கே என்னைக் கூப்பிட்டிருக்கவேணும். சொட்டுறது பிழை இல்லை. அது உங்களுக்கு எதையோ சொல்லுது. இன்னொண்டு. நீங்கள் காத்தை எடுக்க எடுக்கத் தண்ணி குறையும். குறையுதெண்டு புதுத் தண்ணி விட, அதோடை புதுக் காத்தும் உள்ளை வரும், உள்ளுக்கை இரும்பும் கறள் பிடிக்கும். பிறகு அந்தக் காத்தை எடுக்கத் திரும்பவும் ஓடுவியள்."

பூபாலசிங்கம் கைவிளக்கைத் தாழ்த்தினார். "அப்ப இவ்வளவு நாளும் நான் பார்த்த வேலை?"

"நீங்களே உண்டாக்கின வேலை அண்ணை."

புதுத் தொட்டியும் புது வால்வும் பூட்டி, சூடு திரும்பியபோது முள் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது. பூபாலசிங்கத்துக்கு அது முன்புபோலச் சோர்ந்ததாகத் தெரியவில்லை. அல்பிரட் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் கதையை எங்கும் சொல்லவில்லை என்று சொல்வதற்கில்லை. மறுநாள் காலை பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமிலிருந்து ஒரு பழைய போட்டியாளர் தொலைபேசி எடுத்து, வைன் எப்படி இருந்தது என்று விசாரித்தார்.

பூபாலசிங்கம் பதவி விலகுவதாகத் தூரிட்டிடம் போய்ச் சொன்னார். தூரிட் சம்மதிக்கவில்லை. "தக்கை முட்டாள்தனம். ஆனால் நிலைமை தெரிந்ததும், மானத்தைப் பார்க்காமல் ஒரு நொடியில் எங்களை வெளியே துரத்தினீர்கள். ஆளியையும் அணைத்தீர்கள். தொடர்ந்து இருங்கள். அபிலாஷ் துணையாக இருப்பார். நீங்கள் தண்ணீர் விடுவதென்றால் இருவரும் சேர்ந்துதான் விடவேண்டும்." அபிலாஷிடம் இதைப் பற்றி முன்கூட்டிக் கேட்கப்படவில்லை. ஆனாலும் அவர் ஒப்புக்கொண்டார்.

தை மாதத்தில் குளிர் இன்னும் இறுகியது. கொதிகலன் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது. பூபாலசிங்கம் வாரத்துக்கு ஒருமுறை கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒருநாள் தூரிட் தொலைபேசியில் கூப்பிட்டு, தன் வரவேற்பறை மட்டும் குளிர்வதாகச் சொன்னார். சாவியை எடுத்துக்கொள்ளாமலே மேலே போனார். ரேடியேட்டர் மேலும் கீழும் நன்றாகச் சூடாகவே இருந்தது. அதன் முன்னால் ஒரு பெரிய சோபா முதுகைக் காட்டி ஒட்டிக்கொண்டு நின்றது. தடித்த திரைச்சீலை அதன் மேலே மூடியிருந்தது. சூடு முழுவதும் சோபாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

"ரேடியேட்டரில் பிழை இல்லை. சோபாவைத்தான் நகர்த்தவேண்டும்" என்றார்.

"எங்கே நகர்த்துவது?"

"அந்தச் சுவரோரம்."

"அங்கே என் பியானோ இருக்கிறது."

"பியானோவை இந்தப் பக்கம் கொண்டுவரலாம்."

"ரேடியேட்டருக்கு முன்னால் பியானோவா! பூபாலசிங்கம், அது உலர்ந்து வெடித்துவிடும்."

அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு இருவருமாகச் சோபாவின் இரண்டு பக்கமும் பிடித்து, ஒவ்வொரு சுவராக வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். இருட்டும்வரை அது ஓர் இடத்திலும் பொருந்தவில்லை. ஆனால் அறை நன்றாகச் சூடாகிவிட்டிருந்தது. கடைசியில் அதை நடுவில் விட்டுவிட்டு, இருவரும் அதிலேயே களைத்துப்போய் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள்.